வயிற்று ஸ்கேன் நார்மல் என்றால் முடிந்துவிட்டதா?



எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன்களும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள். உங்கள் வீட்டிலும் அறுபது வயது அம்மா இருப்பார்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு நின்று பதினோரு வருடம் கழித்துப் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மூன்று மாதம் வீட்டில் மூச்சுவிடவில்லை. 'சந்தேகம் இருந்தால் எழுந்து கேள்' என்று காலமெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவள் நான்!

கடைசியில் மருமகள்தான் கண்டுபிடித்து ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கர்ப்பிணிகள். சுவரில் 'கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது' என்ற போர்டு. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, "பொண்ணுக்காக வந்தீங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி, வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் குறிப்பிடும்படியான கோளாறு இல்லை என்று இருந்தது. வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். ராத்திரி அதை விடைத்தாள் மாதிரி வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஓரிடத்தில், கருப்பையின் உட்சவ்வு தெளிவாகத் தெரியவில்லை என்று இருந்தது. அதன் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணே இல்லை. எழுதாத கேள்விக்கு மார்க் போட்ட கதை!

மறுநாள் போய்க் கேட்டேன். "உள்வழி ஸ்கேன் எடுத்திருக்கணும்மா. பெரியவங்க, சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டோம்" என்றார்கள். இந்த மரியாதை எனக்கு வேண்டாம். உங்கள் அம்மாவுக்கும் வேண்டாம். என் வருத்தமெல்லாம் இதில்தான். நாம் கூச்சத்தில் கேட்பதில்லை. அவர்கள் மரியாதையில் சொல்வதில்லை. நடுவில் நோய் வளர்கிறது.

உள்வழி ஸ்கேனை டிவிஎஸ் என்பார்கள் (வண்டி இல்லை!). சிறுநீர் கழித்துவிட்டு, விரல் போன்ற மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்துப் பார்ப்பார்கள். கருப்பைக்குப் பக்கத்தில் போவதால் உட்சவ்வு நன்றாகத் தெரியும். சில நிமிட வேலை. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

எண் ஒன்றை நினைவில் வையுங்கள்: 4 மில்லிமீட்டர். ரத்தம் பட்ட பெண்ணுக்கு உட்சவ்வு 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதற்கு மேல் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சதை எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மெல்லியதாக இருந்தும் ரத்தம் திரும்பப் பட்டால் அப்போதும் பயாப்ஸிதான். இப்படி ரத்தம் படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் பட்டிருக்கும். உடம்பு தானே மணியடிக்கிற நோய் இது. பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை.

எனக்கு 11 இருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது. சவ்விலிருந்து தசைச் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பாதிக்குள்ளா, பாதியைத் தாண்டியா என்று அடுத்து பார்த்தார்கள். பாதிக்குள்தான். போன ஆவணியில் ஆபரேஷன் ஆனது. இப்போது சாயங்காலம் தேனுபுரீஸ்வரர் கோவில் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

'டாக்டரிடம் போனாலே கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க' என்று என் தங்கைகூடப் பயப்படுகிறாள். அந்தப் பயம் பொய்யில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் எடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் உத்தரவு வந்தது. அதற்காக ஸ்கேனுக்கே போகாமல் இருப்பதா? எடுக்க வேண்டும் என்று சொன்னால் பயாப்ஸி ரிசல்ட் எங்கே என்று கேளுங்கள். ரத்தமே படாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ஐந்து ஆறு என்று வந்தாலும் உடனே ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள். இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

பையன்களுக்கு ஒன்று. அம்மாவிடம் நேராகக் கேட்க வராது, தெரியும். இந்தப் பதிவை அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் போன் செய்யுங்கள்.

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் யாராவது தனியாகப் போகத் தயங்கினால் எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள். கூட வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் என்றால் எனக்கு வசதி, பேத்தி பள்ளிக்கூடம் போயிருப்பாள்.