சொல்லிக் கொடுத்தவன் ஒருவன், விற்றுத் தின்பவன் ஒருவன்!



மில்லுக்குப் புதிதாக வந்த பையன் அறுந்த நூலை ஒட்டத் தெரியாமல் திணறுகிறான். பக்கத்து மிஷினில் நிற்கும் அண்ணன் ஓடி வந்து, விரலைப் பிடித்துச் சொல்லித் தருகிறார். கூலி கேட்டாரா? இல்லை. நடவுக்கு முதன்முதலாக இறங்கிய பெண்ணுக்கு நாற்றை வைக்கும் விதத்தைச் சொல்லித் தரும் அக்காள் கட்டணம் கேட்டாளா? இல்லை. தனக்கும் ஒருவர் இப்படித்தான் சொல்லித் தந்தார் என்ற நன்றி; நாளை தனக்கொரு கஷ்டம் வந்தால் இவர்கள் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. இந்த உறவில்தான் அறிவு வளர்கிறது.

இதே உறவு இன்டர்நெட் வழியாகக் கடல் கடந்தும் வளர்ந்தது. கம்ப்யூட்டர் வேலையில் சிக்கிக்கொண்ட ஒருவர் கேள்வி எழுதுவார். முகமறியாத இன்னொருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பதில் எழுதுவார். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இப்படித்தான் பெருகியது. அங்கே பெரும்பாலும் கேட்டவரும் உழைப்பாளி, சொன்னவரும் உழைப்பாளி.

முடிவு என்ன? 2021-ல் அந்த ஸ்தாபனம் 180 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. பதில் எழுதியவர்களுக்கு அதில் பங்கு இல்லை. 2024 மே மாதத்தில், அந்தப் பதில்களை ஓப்பன்ஏஐ கம்பெனியின் செயற்கை அறிவு யந்திரத்துக்குத் தர ஒப்பந்தம் போட்டார்கள். மனம் கொதித்த சிலர், தாங்கள் எழுதிய பதில்களைத் தாங்களே அழிக்கவும் திருத்தவும் முயன்றார்கள். அவர்களுடைய கணக்குகளை நிர்வாகம் முடக்கியது! விதைத்தவன் தன் பயிரைத் தொட்டால் அது குற்றமாம்!

ரெடிட் கதை இன்னும் மோசம். அங்கே ஆயிரமாயிரம் குழுக்களைச் சம்பளமில்லாமல் காத்து நடத்துவோர் பொதுமக்களே. 2023-ல் வெளியார் செய்த செயலிகளுக்கு நிர்வாகம் பெருங்கட்டணம் விதித்தது. அதை எதிர்த்து, ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான குழுக்களை அவர்கள் மூடினார்கள். "திறக்காவிட்டால் உங்களை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவோம்" என்பதே நிர்வாகத்தின் பதில். வேலைநிறுத்தக் காலத்தில் மில் வாசலில் நாம் கேட்ட அதே குரல்தானே இது? 2024-ல் பங்குச் சந்தைக்குப் போகுமுன் அந்தக் கம்பெனியே கணக்குக் காட்டியது: மக்கள் எழுதியதைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்த ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20 கோடியே 30 லட்சம் டாலர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? இஷ்டப்பட்டுத்தானே எழுதினார்கள்?" என்று முதலாளிகளின் வக்கீல்கள் கேட்கலாம். ஆம், இஷ்டப்பட்டுத்தான் எழுதினார்கள். ஆனால் யாருக்காக? கஷ்டப்படும் சக மனிதனுக்காக. கம்பெனியின் கஜானாவுக்காக அல்ல. களத்துமேடு மிராசுதாருடையது என்பதால், அதில் அடித்த நெல்லெல்லாம் அவருடையதாகிவிடுமா? கம்ப்யூட்டர்களுக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. செலவுக்குப் பணம் கேட்பது வேறு, மனிதர்களின் உறவையே சரக்காக்குவது வேறு.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. 2002-ல் விக்கிபீடியாவில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதியவர்களில் பலர் கூட்டாக வெளியேறினார்கள். எழுதியதைப் பிரதியெடுத்துச் செல்ல உரிமம் இடம் கொடுத்தது; ஸெவில் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் தனிக் கலைக்களஞ்சியம் அமைத்தார்கள். மறு ஆண்டு, 2003-ல், விக்கிபீடியா லாப நோக்கமற்ற ஓர் அமைப்பின் கைக்கு வந்தது. இன்றுவரை அதில் வியாபார விளம்பரம் கிடையாது. ஒற்றையாளாக அழித்தவர் முடக்கப்பட்டார். கூட்டாக நடந்தவர் குரல் எடுபட்டது. இதுவே பாடம்.

நம் கையிலும் இன்று போன் இருக்கிறது. கூலி விவரம், பூச்சி மருந்து, வேலை கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் அதில்தான் பரிமாறுகிறோம். அந்த இடமும் எவனோ ஒருவனுடையது. ஆகவே சொல்லித் தருவதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நஷ்டம் நமக்கே. நாம் கேட்க வேண்டியது இவைதான்: எழுதியதை எடுத்துச் செல்லும் உரிமை வேண்டும்! எங்கள் சம்மதமின்றி விற்கக் கூடாது! உழைத்து நடத்துவோருக்கு நிர்வாகத்தில் இடம் வேண்டும்!

அறிவு பங்கு போட்டால் குறையாத சொத்து. அதற்கு வேலி போட யாருக்கும் உரிமையில்லை!