பொரி தின்ற பாவம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

இது கிறிஸ்தவர்களாகிய எங்கள் வீட்டுச் சமாச்சாரம். மற்ற நண்பர்கள் பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம்.

நம் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே லேத்துகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஹெட்ஸ்டாக்கில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஃபிட்டிங் செக்‌ஷனில் இருக்கிற வைஸுக்குக்கூட ஒரு பொட்டு உண்டு. அன்றைக்கு ஃபைலிங் கிடையாது, திட்டும் கிடையாது. பூசணிக்காய் உடைத்ததும் பொரி, கடலை, வெல்லம், ஒரு கீற்றுத் தேங்காய் என்று ஆளுக்கு ஒரு பொட்டலம்.

எங்கள் வகுப்பில் கிறிஸ்தவப் பையன்கள் ஒன்பது பேர். சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் கூடி ஜெபம் பண்ணுவோம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அந்த பூஜை அன்று எட்டுப் பேர் நைசாக மெஸ் பக்கம் நழுவிவிட்டோம். ஒருத்தன் மட்டும் நின்றான். ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணாச்சி பொட்டலத்தை நீட்ட, இரண்டு கையாலும் வாங்கி அங்கேயே நின்று தின்றான். இதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். (மெஸ்ஸுக்குப் போனவனுக்கு ஒர்க்‌ஷாப் ஜன்னலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்.)

அன்று சாயங்காலம் மாடியில் நடந்தது ஜெபம் அல்ல, கோர்ட்டு. "பிரதர், விக்கிரகத்துக்குப் படைச்சதைத் தின்னுட்டு எப்படி ஜெபத்துல வந்து உக்காருதீங்க?" என்று முதலில் கேட்டவன் நான்தான். அதுவரை அவனை "லே" என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு மட்டும் "பிரதர்"!

அவன் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அண்ணாச்சிதாம்ல எனக்கு லேத் ஓட்டவே சொல்லிக் குடுத்தாரு. அவரு கையால குடுக்கும்போது எப்படில வேண்டாங்கது?"

அதற்கு நாங்கள் வசனம் சொன்னோம். ஒருத்தன் முடிப்பதற்குள் அடுத்தவன் ஆரம்பித்தான். அவன் எழுந்து கீழே போய்விட்டான். அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதும் நின்றது. நாங்களோ அவனுக்காக 'பாரத்தோடு' ஜெபித்தோம். எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருத்தனைப் பற்றிப் புறணி பேச வேண்டுமானால், "இவருக்காக ஜெபிச்சுக்கோங்க பிரதர்" என்று ஆரம்பித்தால் போதும்.

இந்தச் சண்டை நாங்கள் கண்டுபிடித்தது அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுமார் கி.பி. 55-ஆம் ஆண்டு வாக்கில் கொரிந்து பட்டணத்துச் சபையில் இதே தகராறு. அங்கே கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைக்கும் விற்பனைக்கு வரும். வாங்கலாமா, கூடாதா? பவுல் எழுதிய பதிலை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். மாடியில் நாங்கள் எடுத்து வீசியது அதில் பாதிதான். கோயில் பந்தியில் போய் உட்காருவதை அவர் கண்டிக்கிறார், அது உண்மை. ஆனால் கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார். வேறு மதத்தவர் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடலாம் என்கிறார். இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனசாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். ஆகவே பொரி வேண்டாம் என்ற எட்டுப் பேருக்கும் ஆதாரம் இருக்கிறது. நான் இப்போதும் அதைத் தின்பதில்லை.

ஆனால் ரோமாபுரிச் சபைக்கு அவர் எழுதியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் சண்டை. பவுல் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிடிக்கிறார். சாப்பிடுகிறவனிடம், மற்றவனை இளக்காரமாக நினைக்காதே என்கிறார். சாப்பிடாதவனிடம் சொல்வது வேறு: நீ தீர்ப்புச் சொல்லாதே! மனிதர் ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறார். தாராளமாக இருப்பவனுக்கு வருகிற சீக்கு ஒன்று, கட்டுப்பாடாக இருப்பவனுக்கு வருகிற சீக்கு இன்னொன்று. எனக்கு வந்தது இரண்டாவது.

இதைப் படித்ததால் மட்டும் நான் திருந்திவிடவில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடிச் சுற்றுதான். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹாஸ்டல் பெருமை பேசினேன். பீடி, சிகரெட் குடிக்கிறவனை எங்கள் ஜெபத்தில் சேர்ப்பதில்லை என்றேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "அப்போ சுத்துறவளைச் சேத்துக்கிடுவியளாய்யா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் செமஸ்டர் ஃபீஸ், மெஸ் பில், டிராயிங் போர்டு, டிராஃப்டர் எல்லாம் அந்த முறத்திலிருந்து வந்தவை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நாம் எதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறோம் என்று பாருங்கள். பொட்டு, சினிமா, பீடி, பொரி. எல்லாம் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறவை, பெரும்பாலும் இல்லாதவனிடம் தெரிகிறவை. வரதட்சணை பேசி முடித்த கல்யாணத்தை ஜெபம் பண்ணித்தானே நடத்துகிறோம்? சாதியையும் அப்படித்தான் பல காலம் காணாமல் இருந்தோம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்கிற கூடம் இரண்டு! மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு கூடத்தில், மற்றவர்கள் இன்னொன்றில், நடுவே தடுப்பு. அதை 1910-ல்தான் இடித்தார்கள். இடித்தது தப்பு என்று வழக்கும் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அத்தனை வருஷமும் அந்தக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடந்துதான் இருக்கும். தடுப்புக்கு எந்தப் பக்கம் நின்று எந்தப் பாவத்தைச் சொன்னார்களோ!

"அப்போ தப்பைத் தப்புன்னே சொல்லக் கூடாதாலே?" என்று மாடிப் பையன்கள் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இயேசு உத்திரம், துரும்பு என்று பேசியதை எல்லாரும் அறிவோம். தச்சு வேலை செய்தவர், பட்டறையில் நடப்பதைத்தான் சொன்னார். ஆனால் அடுத்தவன் கண்ணில் துரும்பு கிடந்தால் கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடு, பிறகு துரும்பை எடுக்க உனக்குக் கண் தெரியும் என்றார்.

நமக்கு இது பாடமே நடத்த வேண்டாம். போன செமஸ்டரில் கிரைண்டிங் வீலில் டூல் பிடித்துக்கொண்டிருந்தபோது என் கண்ணில் பொடி தெறித்தது. கண்ணாடி போடாதது என் தப்புதான். "கண்ணாடி போட்டியால?" என்று தூரத்தில் நின்று கேட்டவர்கள் பத்துப் பேர். அட்டெண்டர் அண்ணாச்சி ஓடி வந்து, என் கையைக் கண்ணிலிருந்து பிடித்து இழுத்து, குழாயடியில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டார். தன் சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். எந்தக் கையில் பொரி வாங்கப் பிடிக்காமல் ஓடினேனோ, அந்தக் கைதான். திட்டாமல் விட்டார் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் வழி முழுக்கத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு வலிக்கவில்லை. இப்போது கண்ணாடி போடாமல் வீல் பக்கம் போவதில்லை.

போன வாரம் அந்த நண்பனின் ரூமுக்குப் போனேன். ஷீட் வரைந்துகொண்டிருந்தான்.

"தப்புதாம்ல" என்றேன்.

"எது? பொரியா?"

"இல்ல. கோர்ட்டு."

கட்டிலில் கிடந்த ஷீட்டுகளைச் சுருட்டி, எனக்கு உட்கார இடம் விட்டான். கொஞ்ச நேரம் மார்க், அரியர் என்று பேசிக்கொண்டிருந்தோம். இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்றான். மாடிக்கு வா என்று அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவனும் இன்னும் வரவில்லை.