கீழாநெல்லியின் பெயரால்

சென்ற இதழில் வந்த ‘காமாலைக்கு மாத்திரை எதற்கு?’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கீழாநெல்லி குடித்து எத்தனையோ பேர் தேறியிருக்கிறார்களாம். சென்னைப் பல்கலைக்கழகமே அதை நிரூபித்துவிட்டதாம். ஆகவே ஹெபடைடிஸ் பி உள்ளவர்களை ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடச் சொல்வது கம்பெனிகளின் சூழ்ச்சியாம். இதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினாலும் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் எழுதுகிறேன்.

தேறியவர்கள் யார்? தண்ணீரில் பரவும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி வகையிலும் 100க்கு 95 பேரின் உடம்பே கிருமியை விரட்டிவிடும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். உடம்பு பார்த்த வேலைக்குக் கட்டுரையாளர் செடிக்கு நன்றி சொல்கிறார். நாள்பட்ட பி தொற்று வேறு சங்கதி. அதில் பல வருஷம் மஞ்சளே தெரியாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றி, தடுப்பூசியும் கிடைக்காத குழந்தைகளில் 10க்கு 9 பேரிடம் அது தங்கிவிடும். முப்பது நாற்பது வருஷம் வலியே இல்லாமல் ஈரலை அரிக்கும். கண் வெளுத்ததைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று சொல்ல இதில் இடமே இல்லை.

அந்தச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு உண்மைதான். தியாகராஜன் குழு செய்தது, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பெற்ற புளும்பெர்க்கும் அந்தக் குழுவில் ஒருவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அப்படிப்பட்ட முடிவு என்பதால்தான் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் அங்கே கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. கட்டுரையாளர் 1988க்கு மேல் படிக்கவே இல்லையா, படித்துவிட்டு மறைத்தாரா? இரண்டில் எதுவானாலும் நோயாளிக்கு யோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

பி தொற்று இருந்த என் தாய்மாமா இதே பேச்சை நம்பியவர். விடியற்காலையில் அத்தை செடியை வேரோடு அம்மியில் அரைத்து மோரில் கலக்கித் தருவார். உப்பில்லாத பத்தியம். டெனோஃபோவிர் மாத்திரை டப்பா சாமி அலமாரியில் மூடியபடியே கிடந்தது. நாலாம் மாதம் வயிறு உப்பி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. “மாத்திரைச் சூடு இறங்குது” என்றார் வைத்தியம் பார்த்தவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மாமாவுக்கு என் பெயர் ஞாபகம் வரவில்லை. ஒன்பது நாள்தான் இருந்தார்.

பி வைரஸ் தன் மரபுப்பொருளை ஈரல் செல்லின் உட்கருவுக்குள் பதுக்கி வைக்கிறது. மாத்திரை அதுவரை எட்டுவதில்லை, பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது. பலர் வருஷக்கணக்கில் சாப்பிடக் காரணம் அதுதான். திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது பொங்கும், அதை எதிர்க்கக் கிளம்பும் நம் எதிர்ப்புச் சக்தி ஈரலையே சிதைக்கக்கூடும்.

பி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தருவதும் இல்லை. வைரஸ் அளவு, ஈரல் நொதி, தழும்பு எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஹெபடைடிஸ் சி-க்கு அதே திட்டத்தில் பெரும்பாலோருக்கு 12 வாரம்தான் சிகிச்சை, 95 சதவீதத்துக்கு மேல் முழுக் குணம். ஆயுசுக்கும் மாத்திரை விற்பதுதான் சூழ்ச்சி என்றால் இது எப்படி வந்தது?

அந்தக் கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். கட்டுரையாளர் அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் தன் யோசனையை வாபஸ் வாங்க வேண்டும்.