பட்டனைப் படித்தால் பொறியாளரா?

சிவில் படிக்கும் பசங்களின் ரெஸ்யூமேயில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "பிம் தெரியும்". கூடவே முப்பது மணி நேர கோர்ஸ் முடித்ததற்கு ஒரு சான்றிதழ். அந்த முப்பது மணி நேரத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தால் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவருக்கு இந்த பட்டன், கதவுக்கு அந்த பட்டன். கடைசி நாளில் மரம், கார், நிழல் எல்லாம் வைத்து ஒரு ரெண்டர். ரெண்டர் அழகாக இருந்தால் முழு மார்க்.

இதற்குப் பெயர் பாடம் இல்லை. ஒரு கம்பெனியின் பொருளுக்குக் கல்லூரி நடத்திக் கொடுக்கும் டெமோ.

காமர்ஸ் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிம் என்றால் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். ஆட்டோகேடில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடு. பிம்மில் சுவர் சுவராகவே இருக்கும். அதன் தடிமன், உயரம், செங்கல்லா கான்கிரீட்டா, எந்த மாடி, எத்தனை கன மீட்டர் எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். படம் வரைவது அதில் பாதிதான். மீதிப் பாதி கணக்கு. அந்த மீதிப் பாதியைத்தான் கல்லூரிகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இந்தக் கருத்து எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. கட்டடத்தைக் கோடுகளாக இல்லாமல் தகவலாகக் கம்ப்யூட்டரில் வைக்கலாம் என்று சக் ஈஸ்ட்மன் 1975-லேயே எழுதிவிட்டார். ஆட்டோடெஸ்க் கம்பெனி பிறந்ததே 1982-ல்தான். இன்று கல்லூரிகளில் "பிம்" என்றாலே ரெவிட் என்று ஆகிவிட்டதே, அந்த ரெவிட்டும் ஆட்டோடெஸ்க் உருவாக்கியது இல்லை. வேறொரு சின்ன கம்பெனி உருவாக்கியதை 2002-ல் 133 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள்.

வாங்கியது தப்பில்லை. வியாபாரம். மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதும் வியாபாரம்தான், அதுவும் நல்ல வியாபாரம். படிக்கும்போது கை எதில் பழகுகிறதோ அதைத்தான் வேலைக்குப் போனபிறகும் கேட்பார்கள். அப்போது இலவசம் கிடையாது, சந்தா. ஒருமுறை பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் முறையை 2016-ல் நிறுத்திவிட்டார்கள். கட்டணம் ஏறுகிறது, மென்பொருள் அதற்கேற்ப வளரவில்லை என்று சாஹா ஹதீத் ஆர்கிடெக்ட்ஸ் உட்பட பிரிட்டனின் பெரிய பெரிய நிறுவனங்களே 2020-ல் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அவர்களுக்கே அந்த நிலைமை என்றால், திருச்சியிலோ தேனியிலோ சின்ன ஆபீஸ் போட நினைக்கும் ஒரு சிவில் பட்டதாரியின் நிலைமை?

கம்பெனி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கல்லூரி தன் வேலையைச் செய்யவில்லை. குற்றச்சாட்டு அதுதான்.

ஒரு உதாரணம். பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், ஒரு சுவர். மென்பொருளில் தயாராக இருக்கும் 200 மில்லிமீட்டர் சுவரை எடுத்து மாணவர் வரைந்துவிடுகிறார். கணக்கு 6 கன மீட்டர் என்று வருகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கட்டுவது ஒன்பது இஞ்ச் சுவர், அதாவது 230 மில்லிமீட்டர். அப்படியானால் உண்மையான கணக்கு 6.9 கன மீட்டர். வித்தியாசம் 0.9. கன மீட்டருக்குச் சுமார் 400 செங்கல் என்று வைத்தால் 360 செங்கல் குறைகிறது. ஒரே ஒரு சுவரில்! மென்பொருள் தப்பு செய்யவில்லை. சொன்னதைக் கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது பூச்சு வேலை. இந்தியாவில் கட்டட வேலையை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. ஜன்னல் திறப்பு 0.5 முதல் 3 சதுர மீட்டருக்குள் இருந்தால், பூச்சுக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்க வேண்டும். மறு பக்கத்தைக் கழிக்காமல் விடுவது ஜன்னலின் ஓரங்களைப் பூசும் வேலைக்காக. மாடலுக்கு இந்த நியாயம் எல்லாம் தெரியாது. திறப்பு இருந்தால் இரண்டு பக்கமும் கழித்துவிடும். 1.2-க்கு 1.5 மீட்டர் ஜன்னல் என்றால் 1.8 சதுர மீட்டர். இருபது ஜன்னலுக்கு 36 சதுர மீட்டர். ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்காமல் அந்தப் பட்டியலை அப்படியே பில்லாகப் போட்டால் யாருடைய காசு போகும்? மென்பொருள் கம்பெனியின் காசு இல்லை. வெயிலில் நின்று பூசிய கொத்தனாரின் கூலி.

இந்த ஐ.எஸ். 1200 அதே கல்லூரியில் எஸ்டிமேஷன் பேப்பரில் வருகிறது. ஆனால் அந்தப் பேப்பர் ஒரு செமஸ்டர், பிம் லேப் வேறொரு செமஸ்டர். இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே இல்லை.

"கம்பெனிகள் ரெவிட்டைத்தான் கேட்கின்றன, வேலை கிடைக்க வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாடல் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ்கள் சென்னையில் இருக்கின்றன, அங்கே ரெவிட் தெரிந்தால் வேலையும் உண்டு. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துப் பையனிடமோ பெண்ணிடமோ "அதைக் கற்காதே" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தாராளமாகக் கற்கட்டும். ஆனால் பட்டன் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைப்பது ஆபரேட்டர் வேலை. அந்த பட்டன் இடம் மாறினால் அதற்கும் ஆபத்து.

பி.காம். ஆட்களுக்கு இது புதுசு இல்லை. 2020 இறுதியில் டேலி பிரைம் வந்து பழைய மெனுக்களைக் கலைத்துப் போட்டது. பற்றும் வரவும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் எரிச்சல், பிறகு பழகிவிடும். எந்தக் கீயை அழுத்தினால் எது வரும் என்று மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி கோர்ஸில் சேர வேண்டியதுதான் :)

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய செலவே இல்லை.

முதலில், பாடத்தின் பெயரில் பிம் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 16739 என்று உலகத் தரமாகவே ஏற்கப்பட்டது. மாணவர்கள் அசைன்மென்டை அதில் கொடுக்கட்டும். ஃப்ரீகேட், பிளெண்டரோடு இயங்கும் போன்சாய் போன்ற இலவச மென்பொருள்களிலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

இரண்டாவது, கற்பனை பங்களா வேண்டாம். கல்லூரியின் ஒரு வகுப்பறையை டேப் பிடித்து அளந்து மாடல் செய்யட்டும். மாடல் தரும் கணக்கையும் ஐ.எஸ். 1200-படி கையால் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஏன் வித்தியாசம் என்று எழுதட்டும்.

மூன்றாவது, தேர்வில் வரையச் சொல்லாதீர்கள். தப்புள்ள மாடல் ஒன்றைக் கொடுத்து, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரிகள் இதைத் தானாகச் செய்யாது. நாக் குழு வரும்போது காட்டுவதற்குச் சான்றிதழ் கோர்ஸ்களின் எண்ணிக்கை போதும், உள்ளே என்ன இருந்தது என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. கோர்ஸுக்குக் காசு கட்டுகிறவர்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை லேபில் சுவர் பட்டனைக் காட்டும்போது யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "சார், இந்தச் சுவருக்கு எத்தனை செங்கல்?" என்று கேட்டால் போதும். பதில் வருகிறதா இல்லையா என்பதில் அந்த கோர்ஸின் தரம் தெரிந்துவிடும்.