மின்னிசைக் கருவியும் மலையகத் தப்பும்

பழம்பொருளுக்கு மதிப்புக் கூடுவது உலக இயல்பு. ஓலைச்சுவடியும் செப்புச்சிலையும் அவ்வாறு மதிப்புப் பெற்றவையே. ஆனால் நேற்றைய இயந்திரம் ஒன்று இன்றே அத்தகைய மதிப்பைப் பெறுவது சிந்தனைக்குரியது. 1960களிலும் 1970களிலும் உருவான 'சிந்தசைசர்' எனும் மின்னிசைக் கருவியை இன்று மேனாட்டு இசைவாணர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுகின்றனர். 1970இல் வெளிவந்து 1981இல் உற்பத்தி நின்றுபோன 'மினிமோக்' கருவியை மோக் நிறுவனம் 2016இல் மீண்டும் செய்து விற்றது. கையடக்கக் கணினியிலேயே எல்லா ஒலியும் கிடைக்கும் காலத்தில் இந்த நாட்டம் ஏன்? பதுளையிலும் பசறையிலும் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன?

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். குழலில் காற்றும் யாழில் நரம்பும் செய்யும் பணியை இக்கருவியில் மின்னோட்டம் செய்கிறது. ஒரு சுற்று மின்னலையை எழுப்புகிறது. மற்றொரு சுற்று அதில் வேண்டாத அதிர்வுகளை வடித்து நீக்குகிறது. எஞ்சுவது ஒலிபெருக்கியில் இசையாகிறது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். இம்முறையை வகுத்து 1964இல் கருவியாக்கியவர் அமெரிக்கரான றொபேட் மோக். 1968இல் வென்டி கார்லோஸ், ஜேர்மானிய இசைமேதை பாக்கின் உருப்படிகளை இக்கருவியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்ட பின்னரே உலகம் இதனைத் திரும்பிப் பார்த்தது.

1983இல் யமஹா நிறுவனத்தின் டீ.எக்ஸ்.7 வந்தது. ஒலி எண்களாயிற்று, சுருதி வழுவாது நின்றது, விலையும் குறைந்தது. பழைய 'அனலொக்' கருவிகள் பரணுக்குப் போயின. இன்று அவற்றைத் தேடுவோர் சொல்லும் காரணம் வியப்பளிக்கிறது. அக்கருவியின் சுருதி வெப்பத்துக்கேற்ப நழுவும். வடங்களைச் செருகியும் குமிழ்களைத் திருகியும் ஒருநாள் பெற்ற ஒலியை மறுநாள் அச்சொட்டாகப் பெறுவது அரிது. குறையென்று ஒதுக்கப்பட்ட அதனையே இன்று உயிர்ப்பு என்கின்றனர்!

இக்கருவியின் கதையில் நம் உபகண்டத்துக்கும் பங்குண்டு. 1961இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவகத்துக்கு 1969இல் ஒரு மோக் கருவி வந்தது. அதனை நிறுவித் தந்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். அம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர் கீதா சாராபாய். பக்காவஜ் எனும் வடநாட்டு மத்தளத்தில் வல்லவர். 1946இல் ஜோன் கேஜுக்கு இந்திய இசையின் நெறிகளைப் புகட்டியவர். அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஐ. எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் அங்கு புதிய ஒலிகளைத் தேடினர். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் போல் பர்கஸ் என்னும் பிரித்தானியக் கலைஞர் அவற்றை வெளிக்கொணர்ந்தார். 2023இல் அவை இசைத்தட்டாயின. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் இத்தகைய கருவிகளில் பத்து இராகங்களை இசைத்து வெளியிட்டதும் அன்று கவனிப்பாரின்றிக் கிடந்து, 2010இல் மறுபதிப்பான பின்னரே புகழ் பெற்றது. பதிந்து வைத்ததனால் அன்றோ இவை மீண்டன?

இனி நம் மலைகளுக்கு வருவோம். சூட்டுக்குச் சுருதி மாறும் கருவி நமக்குப் புதியதா? ஹப்புத்தளையின் பனியில் தப்பின் தோல் தளரும். தப்படிப்போர் தீ மூட்டி அதனைக் காய்ச்சி முறுக்கேற்றுவர். சற்று நேரத்தில் மீண்டும் காய்ச்ச வேண்டும். அன்று விடியலில் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது அவ்வொலி. காமன் கூத்தில் மதனையும் ரதியையும் ஆடவைப்பதும், இறுதி யாத்திரையில் உடன் செல்வதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. அடியைக் கேட்டே செய்தியை அறிந்துகொண்டனர் தோட்டத்து மக்கள்.

இன்றோ திருவிழா மேடைகளில் 'ஓர்கன்' எனப்படும் மின்விசைப் பலகை அமர்ந்துள்ளது. பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. இதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததே. 1940இல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்த ஆர்மோனியம், நாடகமேடையில் மங்காது வாழ்ந்தது. கருவியின் பிறப்பிடம் பார்ப்பவனல்லன் கலைஞன்.

ஆயினும் தப்பு தளர்வதற்கு ஓர்கன் மட்டும் காரணமன்று. தப்படிப்பதைக் குறிப்பிட்ட சாதியாரின் கடமையாக்கி, அடிப்பவரைக் கடைசியில் நிறுத்திய சமூகமே முதற் காரணம். அவ்விழிவை உதறும் இளைஞன் தப்பையும் சேர்த்தே உதறுகிறான். அவனைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? 'கலையைக் காப்பாற்று' என்று அவனுக்கு உபதேசிப்போர், அவன் தந்தைக்கு ஆசனம் தந்ததுண்டா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்வரலாற்றின் ஒலி வடிவம் எங்கே? சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்து ஏட்டில் ஏற்றினர். ஏட்டில் சொல் நிற்கும். அடியும் இழுப்பும் நில்லா. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. ஊவாவின் தமிழாசிரியர்கள் ஒரு தவணைக்கு ஒரு தோட்டமெனக் கொண்டு, அடிகளையும் அவற்றின் பெயர்களையும் கலைஞரின் இசைவோடு, அவருடைய பெயரிட்டுப் பதிந்து வைக்கலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பேணிக்காக்க இடமில்லையென்று சொல்வதற்கில்லை. கலைஞருக்கு உரிய ஊதியமும் பள்ளிக்கூடத்து மேடையில் உரிய இடமும் அளிப்பது அதனினும் முதன்மையானது.

அகமதாபாத்தின் நாடாக்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தன. அவை பொருள், காத்திருக்க வல்லவை. காமன் கூத்தின் அடிகளோ முதியோர் சிலரின் விரல்களில் வாழ்கின்றன. விரல்கள் அத்துணைக் காலம் காத்திரா.