பழைய கியூ கோல்: பெயரை நம்பிக் காசு கட்டலாமா?

நண்பரின் மகன் போன கிழமை கைப்பேசியை நீட்டினான். "மாமா, பலபுஷ்கா கியூ, மலிவா வந்திருக்கு. வாங்கட்டே?"

"அவர்தான் செய்தவர் எண்டு ஆர் சொன்னது?"

"பழசா இருக்கு, பெயரும் போட்டிருக்கு."

இந்த இரண்டுமே சான்றல்ல. ரஷ்யாவில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த ஜோர்ஜ் பலபுஷ்கா, 1959 முதல் 1975இல் இறக்கும்வரை பூல் விளையாட்டுக்கான கோல்களைச் செய்தவர். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் 'டைட்லிஸ்ட்' கோல்களின் மரத்தைக் கொண்டே பலவற்றைச் செய்தார். அதே மரம் மற்றவர்களின் பட்டறைகளுக்கும் போனது. ஆகவே மரத்தின் வயதை வைத்துச் செய்தவரைச் சொல்ல முடியாது. பெயரும் அப்படித்தான். பின்னாளில் உரிமம் பெற்று வேறு நிறுவனமும் அதே பெயரில் கோல்கள் விற்றது. 1986இல் வந்த 'த கலர் ஒஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று காட்டியதுகூட ஜோஸ் நிறுவனத்தின் கோல்தான்!

பெயர் ஒன்றே விலையைப் பல மடங்காக்கும்போது, அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. ஆனால் இணையச் சந்தையில் அந்தப் பாரம் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். இதுவரை யார் யாரிடம் இருந்தது? பழைய பற்றுச்சீட்டோ படமோ உண்டா? மேற்பூச்சோ முன்தண்டோ மாற்றப்பட்டதா? பழைய கோல்களைக் கையாண்ட ஒருவர் நேரில் பார்க்கட்டும். போலியென்றால் முழுப்பணமும் திரும்ப வருமென்று எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். விளையாடத்தான் ஆசையென்றால், நல்ல புதுக்கோல் ஒன்றே போதும்.