பேணியில் ஓர் அடுப்பு

டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்காக மலைநடை போகும் தம்பி தங்கைகள் சாமான் பட்டியலை வீட்டில் காட்டியதும், முதலில் வரும் கேள்வி, "இதுக்கெல்லாம் எவ்வளவு முடியும்?" கடையில் பாரம் குறையக் குறைய விலை ஏறும். அதனால் சிலர் போகாமலே விடுகிறார்கள். பாரக்குறைவு காசுள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதே என் கருத்து.

இரண்டு சோடாப் பேணிகளின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். நடுவே பேணித் தகட்டால் ஓர் உட்சுவர். விளிம்பைச் சுற்றிச் சின்னத் துளைகள். உள்ளே ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால், சுவர்களுக்கிடையில் அது ஆவியாகித் துளைகளால் வந்து எரியும். பிரபலமான டிராஞ்சியா அடுப்பின் பித்தளை எரிகலனும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. அது 110 கிராம். பேணி அடுப்பு சுமார் 15 கிராம்.

இது நமக்குப் புதிதுமல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் தட்டுப்பட்டபோது, நம் அம்மாமார் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தார்கள். அவர்களுக்கு அது தேவை, நமக்கு இது விருப்பம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் கையில் இருப்பதை வைத்து யோசிக்கும் பழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

"ஆபத்தில்லையா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. ஸ்பிரிட் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவதுதான் மிக மோசமான விபத்து. ஆகவே அடுப்பு முழுக்க ஆறும்வரை ஊற்றாதீர்கள். கூடாரத்துக்குள் ஒருபோதும் எரிக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். தகட்டின் விளிம்பு கத்திபோல் வெட்டும், கையுறை போடுங்கள். வெட்டும்போதும் எரிக்கும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

இன்னொரு உண்மை: ஒரே எடையில் ஸ்பிரிட் தரும் வெப்பம், கேஸ் தருவதில் சுமார் 60 சதவீதம்தான். நீண்ட பயணத்துக்குக் கேஸ் நல்லது. இரண்டு மூன்று நாளுக்குப் பேணி போதும்.

விருதுப் பயணத்தில் பொறுப்பாளர் அனுமதித்தால் மட்டும் கொண்டுபோங்கள். அதற்கு முன் வீட்டு முற்றத்தில், அரை லீற்றர் தண்ணீர் கொதிக்க எத்தனை மில்லிலீற்றர் தேவை என்று அளந்து எழுதுங்கள். 20 அளவில் வந்தால், உங்கள் அடுப்பு நல்ல அடுப்பு.